வைஃபை அடிக்கடி விட்டுப்போகிறதா? குறை லைனிலா, காற்றிலா என்று கண்டுபிடிப்பது எப்படி?

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். செய்தால் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் பழையபடி வட்டம் சுற்றும். நெட் உங்கள் போனுக்கு இரண்டு கட்டமாக வருகிறது: தெருவிலிருந்து ரவுட்டர் வரை ஃபைபர் லைன், ரவுட்டரிலிருந்து போன் வரை வைஃபை. எதில் குறை என்று தெரியாமல் புது ரவுட்டர் வாங்காதீர்கள்.

படி 1: லைட்டைப் பாருங்கள்

நெட் நின்ற நேரத்தில் ரவுட்டரில் LOS (எல்.ஓ.எஸ்.) என்று எழுதிய லைட் சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். ஒயர் மடங்கியிருக்கிறதா, பீரோவுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடக்கினாலே சிக்னல் குறையும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டாம்.

எல்லா லைட்டும் ஒரேயடியாக அணைந்து எரிந்தால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். வட சென்னையில் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று பட்டு அடாப்டர் பின்னும் லேன் ஒயர் முனையும் பச்சை பூத்துவிடும்.

படி 2: பிங் சோதனை

முக்கியமான படி இதுதான். பிங் என்றால் ஒரு முகவரிக்குச் சின்னத் தகவல் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது. லேப்டாப்பை வைஃபையில் இணைத்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே வையுங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் ping என்று தட்டி, இடைவெளி விட்டு 192.168.1.1 என்று கொடுங்கள். இது ரவுட்டரின் முகவரி. உங்களுடையது வேறாக இருந்தால் ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். கடைசியில் ஒரு இடைவெளி, மைனஸ் குறி, டி எழுத்து சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். இன்னொரு ஜன்னலில் இதையே 8.8.8.8 என்ற முகவரிக்கு ஓட விடுங்கள். அது கூகுளின் டிஎன்எஸ் சர்வர், அதாவது இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் வெளிக் கணினி.

நெட் தடுமாறும்போது இரண்டையும் பாருங்கள். ரவுட்டருக்கே பதில் வராமல் "டைம்ட் அவுட்" என்று வந்தால் குறை அநேகமாக வைஃபையில். படி 3, 4-ஐச் செய்யுங்கள். ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி, 8.8.8.8 மட்டும் விட்டு விட்டு வந்தால் அநேகமாக லைனில்தான் குறை. நேராகப் படி 5-க்குப் போங்கள்.

லேப்டாப் இல்லையா? ரவுட்டர் பக்கத்தில் நின்று போனில் வீடியோ ஓட்டுங்கள். அங்கே நன்றாக ஓடி, உள்ளறையில் திணறினால் வைஃபைதான்.

படி 3: இடத்தை மாற்றுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் வாசலில் ஆரம்பித்து நீளமாக உள்ளே போகும் வீடுகள் அதிகம். ஒயரைக் கொண்டு வந்தவர் வாசல் சுவரிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பார். பிள்ளை படிப்பதோ கடைசி அறையில். வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். இரும்பு பீரோ மேலே வேண்டாம், டிவிக்குப் பின்னாலும் வேண்டாம்.

படி 4: பேண்டும் சேனலும்

பெரும்பாலான ரவுட்டர்களில் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என இரண்டு பேண்ட் (அலைவரிசை) உண்டு. 2.4 சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. 5 வேகமானது, இரண்டு சுவரிலேயே களைத்துவிடும். ரவுட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிட்டால் எதில் இருக்கிறீர்கள் என்று தெரியும்.

ஒரே கட்டடத்தில் நாலைந்து போர்ஷன், ஒவ்வொன்றிலும் ஒரு ரவுட்டர் என்றால் 2.4-இல் நெரிசல்தான். பேண்டுக்குள் இருக்கும் தடங்கள்தான் சேனல்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11. வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டு, கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40 வேகம் தரும் என்பார்கள். நெருக்கமான தெருவில் அது தொல்லைதான்.

படி 5: லைன் குறை என்றால்

"நெட் ஸ்லோ" என்று மட்டும் புகார் சொன்னால் மறுபடி ஆஃப், ஆன்தான். "ரவுட்டருக்குப் பிங் சரியாக வருகிறது, வெளியே போகும் பிங் விடுகிறது" என்று சொல்லி, எந்த நேரத்தில் விட்டது என்பதையும் சொல்லுங்கள், புகார் எண் வாங்குங்கள். ஆள் வந்ததும் பவர் மீட்டரில் (ஃபைபரில் வரும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) ஃபைபர் அளவைக் காட்டச் சொல்லுங்கள். அது மைனஸ் 27 டிபிஎம்மை (வெளிச்சத்தின் அளவு) நெருங்கினாலோ, மைனஸ் 28, 29 என்று தாண்டினாலோ சிக்னல் பலவீனம். கனெக்டரைத் துடைக்கவும், அதிலும் சரியாகாவிட்டால் கம்பத்தில் உள்ள ஜாயின்ட்டைப் புதிதாகப் போடவும் கேளுங்கள்.