விவாகரத்து மனு வந்திருக்கிறதா? பதில் போடும் முன் இதைப் பாருங்கள்

சம்மன் கைக்கு வந்ததும் "எல்லாம் பொய்" என்று பக்கம் பக்கமாக எழுதத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். மனுவில் சொன்ன காரணம் சட்டத்துக்குள் வருகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இங்கே சொல்வது 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளுக்கு.

படி 1: வாய்தா தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். போகாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது நீங்கள் இல்லாமலே வழக்கை நடத்தி முடித்துவிடுவார்கள். திருமணமாகி ஓராண்டு ஆவதற்குள் மனு போட்டிருந்தால், கோர்ட் தனி அனுமதி தந்ததா என்று பாருங்கள் (பிரிவு 14).

படி 2: பிரிவு 13-இல் எந்தக் காரணம் என்று தேடுங்கள். தகாத உறவு, மதமாற்றம், ஏழாண்டு தகவலே இல்லாதது என்று பட்டியல் நீளும். தொழுநோயை 2019-இல் எடுத்துவிட்டார்கள். "ஒத்துவரவில்லை" என்பது அதில் இல்லை. மண உறவு மீள முடியாமல் முறிந்தது என்பதற்காக மட்டும் விவாகரத்து தர உச்ச நீதிமன்றத்தால்தான் முடியும், அதுவும் அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவைக் கொண்டு.

படி 3: "விட்டுப் போய்விட்டார்" என்றால் நாள் கணக்கு போடுங்கள். மனு போட்ட நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அடி தாங்காமல் அம்மா வீட்டுக்குப் போனவர் கைவிட்டவர் ஆகமாட்டார். நியாயமான காரணம் இருந்தது என்பதே உங்கள் வாதம்.

படி 4: அதிகம் வருவது கொடுமைதான். இங்கே பிரிவு 23 கைகொடுக்கும்: மனு போட்டவர் அந்தக் கொடுமையை ஏற்கெனவே மன்னித்திருந்தால் கோர்ட் அவருக்கு உத்தரவு தராது. தாஸ்தானே வழக்கில் (1975) மனைவி நடந்துகொண்ட விதம் கொடுமைதான் என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்தக் காரணத்துக்காகக் கணவர் கேட்ட, சட்டப்படி தனித்து வாழும் உத்தரவு (judicial separation) கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் தாம்பத்தியம் தொடர்ந்து குழந்தையும் பிறந்ததால், அவர் மன்னித்துவிட்டார் என்றது. எனவே சேர்ந்து போன ஊர், எடுத்த போட்டோ, மருத்துவமனைச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒன்று, மன்னித்த பிறகு மறுபடி தொல்லை கொடுத்திருந்தால் பழைய கணக்கும் திரும்பி வந்துவிடும்.

தன் தப்பை வைத்தே லாபம் பார்ப்பது, காரணமில்லாமல் காலம் கடத்தி வருவது, இருவரும் பேசிவைத்துப் போடும் பொய் மனு ஆகியவற்றையும் அதே பிரிவு தடுக்கிறது.

படி 5: சொந்த வருமானம் போதவில்லை என்றால் பிரிவு 24-இல் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு மனு போடுங்கள். கணவனும் கேட்கலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை அதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்.