விமான நிலைய வான்வெளிக்குள் நுழைவது எப்படி? புதிதாகப் பறக்கக் கற்பவர்களுக்கு

சிறு விமானம் ஓட்டக் கற்பவர்களில் நிறையப் பேருக்குத் தரையிறங்குவதை விட ரேடியோவில் பேசுவதுதான் பெரிய பயம். அது தேவையில்லாத பயம். கட்டுப்பாட்டு வான்வெளி (தரையிலிருந்து போக்குவரத்தை நடத்தும் கன்ட்ரோலரின் பொறுப்பில் இருக்கும் வான்பகுதி) விதிகளில் பெரும்பகுதி ஒரே கேள்வியில் அடங்கிவிடும்: உள்ளே வரலாம் என்று கன்ட்ரோலர் எந்தச் சொல்லால் சொன்னார்? அதைச் சரியாகக் கேட்கத் தெரிந்தால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

இங்கே சொல்வது அமெரிக்க விதிகள், அதுவும் கண்ணால் பார்த்துப் பறக்கும் வி.எஃப்.ஆர். பயணத்துக்கு. இந்தியாவிலிருந்து பயிற்சிக்காக அங்கே போகிறவர்கள் கவனிக்கவும், ஊர் திரும்பிய பிறகு இந்த விதிகளை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. உதாரணத்துக்குச் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியை எடுத்துக்கொள்வோம். விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளியை கிளாஸ் டி, சி, பி என்று பிரித்திருக்கிறார்கள், நெரிசல் கூடக் கூட டி-யிலிருந்து பி வரை விதி கடுமையாகும். பாலோ ஆல்டோ கிளாஸ் டி, சான் ஹோசே கிளாஸ் சி, சான் ஃபிரான்சிஸ்கோ கிளாஸ் பி என்று மூன்று வகையும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

படி 1: வரைபடத்தைப் படியுங்கள்

செக்‌ஷனல் சார்ட் என்ற விமானிகளுக்கான வரைபடத்தில் விட்டு விட்டு வரும் நீலக் கோடு கிளாஸ் டி. முழு மெஜந்தா கோடு கிளாஸ் சி. முழு நீலக் கோடு கிளாஸ் பி. கிளாஸ் டி பெரும்பாலும் தரையிலிருந்து சுமார் 2,500 அடி வரை. கிளாஸ் சி-யில் உள்வட்டம் 5 நாட்டிக்கல் மைல், தரையிலிருந்தே தொடங்கும். வெளிவட்டம் 10 மைல் வரை போகும், ஆனால் அதன் அடி 1,200 அடி உயரத்தில்தான் ஆரம்பிக்கிறது. இரண்டுக்கும் உச்சி விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி. கிளாஸ் பி கோபுரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல இருக்கும், அடியில் குறுகலாகவும் மேலே போகப் போக அகலமாகவும். ஒவ்வோர் அடுக்கிலும் 100 என்று மேலேயும் 30 என்று கீழேயும் எழுதியிருந்தால் அந்த அடுக்கு 3,000 அடியிலிருந்து 10,000 அடி வரை என்று பொருள். அதற்குக் கீழே அனுமதி இல்லாமலே போகலாம், ஆனால் உயரத்தைக் கொஞ்சம் கோட்டை விட்டாலும் உள்ளே போய்விடுவீர்கள். அதனால் விளிம்பை உரசிக்கொண்டு பறக்காமல் சில நூறு அடி இடைவெளி விடுங்கள்.

படி 2: வானிலை

சி, டி இரண்டிலும் குறைந்தது 3 மைல் தூரம் தெரிய வேண்டும். மேகத்துக்குக் கீழே 500 அடி, மேலே 1,000 அடி, பக்கவாட்டில் 2,000 அடி தள்ளியிருக்க வேண்டும். கிளாஸ் பி-யில் அதே 3 மைல், ஆனால் மேகத்துக்குள் போகாமல் இருந்தால் போதும், ஏனென்றால் அங்கே எல்லா விமானங்களையும் கன்ட்ரோலரே பிரித்து வைக்கிறார்.

படி 3: கருவிகள்

பி, சி இரண்டுக்கும் ரேடாருக்கு விமானத்தின் அடையாள எண்ணோடு உயரத்தையும் சேர்த்து அனுப்பும் ட்ரான்ஸ்பாண்டர் கருவி வேண்டும், 2020 ஜனவரி 1 முதல் ஏ.டி.எஸ்.பி. அவுட்டும் (விமானத்தின் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்பும் கருவி) கட்டாயம். கிளாஸ் டி-க்கு என்று தனியாக இவை தேவையில்லை. ஆனால் பாலோ ஆல்டோ, சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள 30 நாட்டிக்கல் மைல் வட்டத்துக்குள் இருக்கிறது, அந்த வட்டத்துக்குள் பறக்க எப்படியும் இரண்டும் வேண்டும்.

உயரம் ஏன் இவ்வளவு முக்கியம்? 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் செரிட்டோஸில் ஒரு சிறிய பைப்பர் விமானம் அனுமதி இல்லாமல் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழைந்து, இறங்கிக்கொண்டிருந்த ஏரோமெக்சிகோ டி.சி.-9 விமானத்தில் மோதியது. தரையில் இருந்த 15 பேரையும் சேர்த்து 82 பேர் இறந்தார்கள். அந்தப் பைப்பரின் ட்ரான்ஸ்பாண்டரில் உயரத்தைச் சொல்லும் வசதி இல்லை. இந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் அந்த 82 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: அனுமதிச் சொல்லைக் கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாமல் படியுங்கள்.

முதலில் ஏடிஸ் என்ற விமான நிலையத் தகவல் ஒலிபரப்பைக் கேளுங்கள். காற்று, ரன்வே எல்லாம் பதிவாக ஓடும், கடைசியில் அந்தப் பதிவின் அடையாளமாக ஓர் எழுத்து வரும், சி என்றால் ரேடியோவில் "சார்லி". அதைக் கேட்டுவிட்டேன் என்று சொல்வதுதான் "வித் சார்லி". அப்புறம் எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே டவரை (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை) கூப்பிடுங்கள். யாரை அழைக்கிறீர்கள், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன வேண்டும் என்ற வரிசையில்:

"பாலோ ஆல்டோ டவர், செஸ்னா ஒன் டூ த்ரீ ஆல்ஃபா பிராவோ, டென் மைல்ஸ் ஈஸ்ட், டூ தௌசண்ட், லேண்டிங், வித் சார்லி."

பதிலுக்கு "செஸ்னா ஒன் டூ த்ரீ ஆல்ஃபா பிராவோ, ஸ்டாண்ட்பை" என்று வந்தால் உள்ளே போகலாம். காத்திருக்கச் சொன்ன மாதிரி இருந்தாலும் உங்கள் பெயரை, அதாவது விமானத்தின் அழைப்புப் பெயரைச் சொல்லிவிட்டார், இருவழித் தொடர்பு ஏற்பட்டுவிட்டது, டி-க்கும் சி-க்கும் அது போதும். "ஏர்கிராஃப்ட் காலிங், ஸ்டாண்ட்பை" என்று மட்டும் வந்தால் போக முடியாது, பெயர் வரவில்லை. பெயரைச் சொல்லி "வெளியே இருங்கள்" என்றாலும் வெளியேதான்.

கிளாஸ் பி அப்படியில்லை. அந்தப் பகுதியின் ரேடார் கட்டுப்பாட்டு மையமான நார்கால் அப்ரோச் உங்கள் பெயரைச் சொல்லலாம், ட்ரான்ஸ்பாண்டரில் போட ஸ்குவாக் எண் தரலாம், "ரேடார் காண்டாக்ட்" (ரேடாரில் தெரிகிறீர்கள்) என்று கூடச் சொல்லலாம், எதுவுமே அனுமதி ஆகாது. "கிளியர்ட் இன்டு த பிராவோ" (பிராவோ என்றால் கிளாஸ் பி) என்ற சொல் காதில் விழ வேண்டும். விழவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்: "ஆம் ஐ கிளியர்ட் இன்டு த பிராவோ?" இதைக் கேட்பதில் வெட்கமே வேண்டாம், அனுபவசாலிகளும் கேட்பார்கள். மாணவர்கள் தனியாகக் கிளாஸ் பி-க்குள் பறக்கப் பயிற்றுநரின் கையெழுத்து தேவை. சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் மாணவர் தனியாக இறங்கவோ கிளம்பவோ முடியவே முடியாது.

படி 5: உள்ளே போன பிறகு

சொன்னதைச் செய்ய வேண்டும், புரியாவிட்டால் உடனே கேட்க வேண்டும். ஆனால் விமானத்துக்குப் பொறுப்பு நீங்கள்தான். காட்டிய திசையில் போனால் மேகத்துக்குள் போவீர்கள் என்றால் "அனேபிள்" என்று சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள், அவர் வேறு வழி தருவார்.

இன்னொன்று, விமானத்தைப் பார்த்தால் மட்டுமே "டிராஃபிக் இன் சைட்" என்று சொல்லுங்கள், கண்ணிலிருந்து மறைந்தால் அதையும் சொல்லுங்கள். 1978-இல் சான் டியேகோவில் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 விமானிகள் பார்த்துவிட்டதாகச் சொன்ன செஸ்னாவைப் பிறகு தவறவிட்டார்கள், அது டவருக்குத் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. மோதலில் 144 பேர் இறந்தார்கள்.

சி, டி விமான நிலையங்களுக்கு அருகே தாழப் பறக்கும்போது வேக வரம்பு 200 நாட், செஸ்னா 172-க்கு அந்தக் கவலை இல்லை.

படி 6: தரையில்

டாக்ஸி, அதாவது தரையில் ஓட்டிப் போகச் சொன்னதாலேயே ரன்வேயைக் கடக்கலாம் என்று ஆகாது. ஒவ்வொரு ரன்வேக்கும் தனியாக அனுமதி வர வேண்டும். "ஹோல்ட் ஷார்ட்" (ரன்வேக்கு முன்னால் நில்லுங்கள்) என்றால் ரன்வே எண்ணோடு திருப்பிச் சொல்லுங்கள். "லைன் அப் அண்ட் வெயிட்" என்றால் ரன்வேயில் ஏறி நிற்பது மட்டும்தான். வழி தெரியாத இடமென்றால் "ப்ரோக்ரெசிவ் டாக்ஸி" கேளுங்கள், திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லித் தருவார்கள்.

படி 7: ரேடியோ செத்துப்போனால்

ட்ரான்ஸ்பாண்டரில் 7600 போடுங்கள், ரேடியோ வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருள். மற்ற விமானங்கள் எந்தப் பக்கம் சுற்றுகின்றன என்று பார்த்துச் சேர்ந்துகொண்டு டவரையே பாருங்கள். நிலையான பச்சை விளக்கு தரையிறங்க அனுமதி. நிலையான சிவப்பு, வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருங்கள். மின்னும் சிவப்பு, இறங்காதீர்கள். பகலில் இறக்கையை ஆட்டியும் இரவில் விளக்கை அணைத்துப் போட்டும் பதில் சொல்லுங்கள்.

படி 8: தெரியாமல் நுழைந்துவிட்டால்

கன்ட்ரோலர் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, இறங்கியதும் கூப்பிடச் சொல்லலாம். ரேடியோவில் வாதம் வேண்டாம், எண்ணைக் குறித்துக்கொண்டு ஒழுங்காகப் பறந்து இறங்குங்கள். பிறகு 10 நாட்களுக்குள் நாசா நடத்தும் ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற விமானப் பாதுகாப்பு அறிக்கை அமைப்புக்கு அறிக்கை அனுப்புங்கள். வேண்டுமென்றே செய்யாத, விபத்தோ குற்றமோ இல்லாத மீறலாக இருந்து, முந்தைய 5 ஆண்டுகளில் உங்கள் பேரில் வேறு மீறல் உறுதியாகாமல் இருந்தால், இந்த அறிக்கை அபராதத்திலிருந்தும் உரிமம் இடைநிறுத்தப்படுவதிலிருந்தும் பொதுவாகக் காப்பாற்றும். கன்ட்ரோலர் ஒன்றுமே சொல்லாவிட்டாலும் அனுப்பிவிடுங்கள்.