நண்பர்களோடு பாய்மரப் படகில் புதுச்சேரி கரையோரம்: முதல்முறை போகிறவர்களுக்கு

தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து கிளம்பி, தெற்கே வீராம்பட்டினம் தாண்டி, சுண்ணாம்பாற்று முகத்துவாரத்துக்கு நேரே வந்ததும் திரும்புங்கள். முதல் பயணத்துக்கு இது தாராளம். கடலூர் வரை போகும் ஆசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1. மாதம்
அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். 2011 டிசம்பர் 30-இல் 'தானே', 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்' என இரண்டு புயல்களும் இந்தப் பக்கம்தான் கரையைக் கடந்தன. பிப்ரவரி, மார்ச் அருமையான மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் போவதென்றால் விடிகாலையில் கிளம்பி மதியத்துக்குள் கரை சேர்ந்துவிட வேண்டும்.

2. கிளம்பும் முன்
முந்தின நாள் இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்) தரும் கடல்நிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தால், எந்த எண்ணாக இருந்தாலும் பயணம் கிடையாது. காலையில் அங்கிருக்கும் மீனவர் ஒருவரிடம், "அண்ணே, இன்னைக்குக் காத்து எப்படி?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பழகிய படகோட்டியும் இயந்திரமும் உள்ள படகையே எடுங்கள். நீச்சல் தெரிந்தவர் உட்பட எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554; எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

3. காற்றோடு போவது
விடிகாலையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று தொடங்கும். பிப்ரவரி, மார்ச்சில் அது தென்கிழக்கிலிருந்து வரும். அதனால் காலையில் பக்கக் காற்றில் தெற்கே போய், கடற்காற்று எழுந்ததும் அது பின்னாலிருந்து தள்ளத் தள்ள வடக்கே திரும்பலாம். எதிர்க்காற்றில் பாய்மரப் படகு நேராகப் போகாது. சுமார் 45 பாகை சாய்வாக, மாறி மாறித் திரும்பித்தான் முன்னேறும்.

காற்றின் வேகம் இருமடங்கானால் பாயின் மேல் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே தண்ணீரில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்ததுமே பாயைச் சுருக்கிக் கட்டுங்கள். படகு சாய்ந்த பிறகு அதே வேலை மூன்று மடங்கு கடினம்.

4. மேற்கே பாருங்கள்
முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் இடிமேகம் நம் முதுகுப் பக்கம், அதாவது ஊருக்கு மேலேதான் திரளும். அதிலிருந்து இறங்கும் காற்று படகைக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குத் தள்ளும், அதுதான் ஆபத்து. நண்பர்களில் ஒருவருக்கு மேற்கைக் கவனிப்பதை மட்டுமே வேலையாகக் கொடுங்கள்.

மேகம் கறுத்துச் சட்டென்று குளிர்காற்று பட்டால் உடனே பாயை இறக்கி, இயந்திரத்தைப் போட்டுக் கரைப்பக்கம் நெருங்குங்கள். கரையோரக் கடலில் அலையும் குறைவு, நங்கூரம் எட்டும் ஆழமும் கிடைக்கும். இடி கேட்டால் பாய்மரத்தையும் ஈரக் கயிறுகளையும் யாரும் தொடக் கூடாது.

5. உள்ளே நுழைவது
துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்வதால், கடற்காற்று பலமாகும்போது அங்கே அலை உடையும். இயந்திரத்தில்தான் நுழைய வேண்டும், அதுவும் படகோட்டி சொல்லும் நேரத்தில். அலை அடங்கவில்லையென்றால் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்க நேரும். சாப்பாடும் தண்ணீரும் இன்னொரு வேளைக்குச் சேர்த்தே எடுத்துப் போங்கள்.