எண்ணெய்ப் போத்தலில் ஒரு கோடு

"எண்ணெய் நிறையச் சாப்பிட்டால் பெருங்குடலில் புற்றுநோய் வருமா, அண்ணே?" சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் இதைக் கேட்காதவர் குறைவு. கொழுப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எண்ணெய்க்கும் குடலுக்கும் நடுவில் பாக்டீரியா இருக்கிறது. அது என்ன செய்கிறது என்று தெரிந்தால், அடுப்படியில் எதை மாற்றுவது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் வேலை, அளப்பது. 2 ரிங்கிட் 50 காசு பாக்கெட் எண்ணெயை ஒரு போத்தலில் ஊற்றி, மட்டத்தில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு கிலோ எண்ணெய் 4 பேர் உள்ள வீட்டில் ஒரு வாரத்தில் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 36 கிராம். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு எல்லாக் கொழுப்பும் சேர்த்தே 55 முதல் 67 கிராம்தான் அளவு. தேங்காய்ப்பால், கோழித்தோல், மாமாக் கடை ரொட்டி சானாய் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை.

சரி, அந்தக் கொழுப்பு உள்ளே போய் என்ன செய்கிறது? அதைச் செரிக்கக் கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அதிலுள்ள பித்த அமிலத்தில் சுமார் 95 விழுக்காட்டைச் சிறுகுடலே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. கொழுப்பு கூடினால் இந்த மிச்சமும் கூடும். அங்குள்ள சில பாக்டீரியாக்கள் அதை டிஆக்சிகோலிக் அமிலமாக மாற்றுகின்றன. அது குடல் சுவரின் செல்களை அரிக்கும், டிஎன்ஏவையும் சேதப்படுத்தும். இன்னொரு கூட்டம் பாக்டீரியா நார்ச்சத்தைத் தின்று பியூட்டிரேட் என்ற பொருளைத் தருகிறது. பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முக்கிய உணவு. நார் இல்லாவிட்டால் இந்தக் கூட்டம் பட்டினி கிடக்கும்.

2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு நார் கூடிய, கொழுப்புக் குறைந்த தென்னாப்பிரிக்கக் கிராமத்துச் சாப்பாட்டைக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது. பாக்டீரியா மாற்றிய பித்த அமிலம் 70 விழுக்காடு குறைந்தது. இரண்டு வாரம்தான்! இதைப் படித்த பிறகுதான் எனக்கே நம்பிக்கை வந்தது.

அதனால் எண்ணெயைக் குறைப்பதோடு நிற்காதீர்கள், நாரையும் கூட்டுங்கள். ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் வேண்டும். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூடக் கிடையாது. ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் 12 கிராம் இருக்கிறது. லயத்து வீட்டுக்குப் பின்னால் அம்மா போட்டிருந்த முருங்கை, இன்று பாசார் மாலாமில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும் கங்கோங் எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். நான் அப்படிச் செய்து மூன்று நாள் வயிறு உப்பிக் கிடந்தேன். முதல் வாரம் அரை கப் கடலை போதும், தண்ணீரையும் கூடுதலாகக் குடியுங்கள்.

அப்புறம் சோசேஜ். பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் உறுதியாகவே அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து சுமார் 18 விழுக்காடு கூடுகிறது. பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டு டப்பாவிலிருந்து இதை முதலில் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, 50 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் 50 வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு சிறு குச்சியில் மாதிரி எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. இரத்தம் இருந்தால் உடனே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம், மூலநோயாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்து குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொன்னால் தள்ளிப் போடாதீர்கள். குடலில் வரும் சதை வளர்ச்சி புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால், பல நேரம் அந்தக் கேமரா சோதனையிலேயே வெட்டி எடுத்துவிடுவார்கள்.