குட்டி சல்கேட்டா ஆமைக்கு வீடும் சாப்பாடும்: சேலத்துல வளக்குறவங்களுக்கு

எங்க வீட்டுக்கு ஆமைக்குட்டி வந்த அன்னைக்கு அம்மாயி வாசல்லயே நின்னுக்கிட்டு "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது சாமி"ன்னு ஒரே புலம்பல். ரெண்டே வாரத்துல அதுக்கு செம்பருத்திப்பூ பறிச்சுப் போடுறதே அவங்கதான், அது வேற கதை. பேரும் அவங்க வச்சதுதான், குண்டு. நம்மூரு குண்டு மாம்பழம் மாதிரியே இருக்காம்.

ஆனா அந்த பழமொழில ஒரு விஷயம் இருக்குங்க. முதுகுல மஞ்சக் கோடு கோடா நட்சத்திரம் போட்ட மாதிரி இருக்குமே, நட்சத்திர ஆமை, அதை யாராவது "காட்டுல கிடைச்சுது, வச்சுக்கங்க"ன்னு குடுத்தா வாங்காதீங்க. நம்ம நாட்டு ஆமை அது, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது, 2022ல சட்டத்தை திருத்துனப்போ முதல் அட்டவணைக்கே ஏத்திட்டாங்க. அதைக் கொண்டாந்தா ஆமைக்குப் பின்னாடியே அமீனாவும் வந்துருவாரு. வயல்ல, ஏரில கிடைக்கிற நாட்டு ஆமைங்களும் அப்படித்தான், தொடாதீங்க.

நான் எழுதுறது சல்கேட்டா பத்தி. ஆப்பிரிக்காவுல சஹாராவுக்கு தெக்கால இருக்கிற வறண்ட பகுதி ஆமை. இதுவும் சைட்ஸ் (அருகி வர்ற உயிரினங்களை நாடு விட்டு நாடு விக்கிறதை கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கிறதால 2024ல வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணியாகணும், விக்கிறவர்கிட்ட பேப்பர் கேளுங்க, இழுத்தடிச்சா திரும்பி வந்துருங்க. இன்னொண்ணு, உள்ளங்கைல அடங்குற இந்தக் குட்டி வளந்தா 40, 50 கிலோ சாதாரணமா வரும், மண்ணைத் தோண்டி வளை போடும், உங்களுக்கு அப்புறமும் உயிரோட இருக்கும். அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்க இந்த இடத்தோட நிறுத்திக்கிட்டா நல்லது.

நான் பண்ண தப்பை முதல்ல சொல்லிடுறேன்

பாலைவனத்துப் பக்கத்து ஆமை, சேலத்து வெயில், ஜாடிக்கேத்த மூடின்னு நெனச்சேன். கண்ணாடித் தொட்டி, கீழ நியூஸ்பேப்பர், மேல ஒரு பல்பு, அவ்ளோதான் வீடு, கடைல அப்படித்தான் வச்சிருந்தாங்க, நானும் அதையே பண்ணேன். மூணு மாசத்துல ஓட்டுல இருக்கிற ஒவ்வொரு கட்டமும் சின்னச் சின்ன கோபுரமா எழும்ப ஆரம்பிச்சிருச்சு. பிரமிடிங்னு சொல்வாங்க. ரொம்ப நாள் இதுக்கு காரணம் சத்து அதிகம்னு மட்டும் சொல்லிட்டு இருந்தாங்க, ஆனா குட்டியா இருக்கிறப்போ காத்துல ஈரப்பதம் கம்மியா இருக்கிறதுதான் இதுல பெரிய பங்குன்னு இப்போ தெரிஞ்சிருக்கு. காட்டுல குட்டிங்க வெயில்லயே கிடக்கிறதில்லைங்க, வளைக்குள்ள, புல்லுக்கு அடில, ஈரமும் வெதுவெதுப்புமா இருக்கிற இடத்துலதான் பதுங்கி இருக்கும். சேலத்துல ஏப்ரல் மதியம் என் மீட்டர்ல ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழ போச்சு. நம்ம உதடே வெடிக்குது, 40 கிராம் குட்டி என்ன ஆகும்?

எழும்பின கோபுரம் திரும்ப இறங்காது. இனிமே வளர்ற பகுதியை வழவழன்னு வர வைக்கலாம், அவ்ளோதான்.

வீடு கட்டுற வேலை

கண்ணாடி வேணாம். வெளிய தெரியுதுன்னு நாள் முழுக்க அதுல முட்டிக்கிட்டே நடக்கும், பாவமா இருக்கும். வெளிய தெரியாத பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒண்ணு எடுங்க, 3 அடிக்கு 2 அடி இருந்தா முதல் வருஷத்துக்கு ஓடும். மூடியில பல்புக்கு ஒரு ஓட்டை வெட்டி, பாதிக்கு மேல மூடியே வச்சா ஈரம் உள்ள நிக்கும்.

கீழ போடுறதுக்கு தேங்காய் நார்த்தூள், அதான் கோகோபீட், நர்சரில கட்டியா விப்பாங்க. தண்ணில ஊற வச்சு ரெண்டு தடவை பிழிஞ்சு உப்பை எடுத்துட்டு 3, 4 இஞ்ச் உயரத்துக்கு பரப்புங்க. அடில ஈரம், மேல கைல ஒட்டாத அளவுக்கு காய்ஞ்ச மாதிரி, அந்த பதம்தான் கணக்கு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஓரமா தண்ணி ஊத்தி கிளறி விட்டா போதும். மணல் வேணாம், சாப்பாட்டோட உள்ள போய் குடல்ல அடைச்சுக்கும்.

ஒளிஞ்சுக்க இடம் வேணும்ல, அதுக்கு காசே செலவு பண்ணாதீங்க, ஒடைஞ்ச மண்சட்டியை கூரான ஓரத்தை தேய்ச்சுட்டு பக்கவாட்டுல பாதி புதைச்சு வைங்க. தினம் அது மேல தண்ணி தெளிச்சா உள்ள குளுகுளுன்னு, இல்ல, குளுகுளுன்னு சொல்லக்கூடாது, வெதுவெதுன்னு ஈரமா இருக்கும். இந்த வித்தியாசம் முக்கியம். ஈரம் இருக்கிற இடத்துல சூடும் இருந்தே ஆகணும். ஈரமும் குளிரும் சேந்துச்சுன்னா நெஞ்சுல சளி புடிச்சுக்கும்.

இதை நான் ஏற்காட்டுல கத்துக்கிட்டேன். டிசம்பர்ல சித்தி வீட்டுக்கு மூணு நாள் போனோம், குண்டுவை தனியா விட மனசில்லாம கூடையில வச்சு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிட்டோம். இங்க 280 மீட்டர் உயரம், அங்க 1500. ராத்திரி பனி இறங்குச்சு, ஹீட்டர் எடுத்துட்டுப் போகல. ரெண்டாவது நாளே சாப்பாட்டைத் தொடல, மூக்குல முட்டை முட்டையா நுரை. கீழ வந்து டாக்டர்கிட்ட காட்டி ரெண்டு வாரம் ஊசி போட்டு காப்பாத்துனோம். மலைல குடி இருக்கிறவங்க சல்கேட்டா வளக்கிறதை நான் சொல்லவே மாட்டேன்.

சூட்டுக்கணக்கு இது. பெட்டியோட ஒரு மூலைல பல்புக்கு நேர் கீழ 35லருந்து 38 டிகிரி, எதிர் மூலைல 27 கிட்ட. ராத்திரி 26க்கு கீழ இறங்க விடாதீங்க, சேலம் மார்கழிக்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒண்ணு வேணும். சித்திரைல தலைகீழ், ரூமே 37 இருக்கும், பல்பை அணைச்சுட்டு நிழலைத் தேடிக் குடுங்க. ரெண்டு மூலைக்கும் ரெண்டு தெர்மாமீட்டர், ஈரப்பதம் காட்டுறதா வாங்கிக்கங்க, ஈரப்பதம் 80 சதவீதம் கிட்ட நின்னா நல்லது. பல்பை சங்கிலில கட்டித் தொங்க விடுங்க, கிளிப்பை நம்பாதீங்க, கழண்டு விழுந்தா பெட்டியே எரியும்.

வெயில் கண்டிப்பா வேணும், யூவிபி கதிர் பட்டாத்தான் வைட்டமின் டி3 உண்டாகி கால்சியம் ஓட்டுல சேரும். ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில் கணக்குல வராது, கண்ணாடி அந்தக் கதிரை தடுத்துரும். காலைல 7லருந்து எட்டரைக்குள்ள வாசல்ல ஒரு தொட்டில, பாதி நிழலோட, மேல கம்பி வலை போட்டு விடுங்க. வலை இல்லாம ஒரு நிமிஷம் கூட வேணாம், காக்கா தூக்கிட்டுப் போயிரும். மொட்டை மாடி கூடவே கூடாது. மழைக்காலத்துக்கு நீளமா இருக்கிற யூவிபி டியூப் வாங்கி மாட்டலாம்.

தினம் குளியல்

காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு சாப்பாட்டு டப்பாவுல வெதுவெதுன்னு தண்ணி, கழுத்துக்கு கீழ நிக்கிற அளவு, 15லருந்து 20 நிமிஷம். குடிக்கும், அதுலயே ஆய் போயிரும், உங்களுக்கும் பெட்டி கழுவுற வேலை மிச்சம். வெள்ளையா பேஸ்ட் மாதிரி ஒண்ணு வரும், பயப்படாதீங்க, அது யூரிக் அமிலக் கழிவு. கொழகொழன்னு இருந்தா சரி. மணல் மாதிரி நறநறன்னு இருந்தா தண்ணி பத்தலன்னு அர்த்தம்.

சாப்பாடு

முக்காவாசிக்கு மேல புல்லு, அவ்ளோதான் ரகசியம். அருகம்புல் பெஸ்ட். பிள்ளையாருக்கு மாலை கட்டுறவங்ககிட்டயே சொல்லி வச்சா தினம் ஒரு கைப்பிடி கிடைக்கும், ஆனா எங்க அறுத்ததுன்னு கேளுங்க, மருந்தடிச்ச வயல் வரப்புன்னா வேணாம். குட்டிக்கு வாய் சின்னது, இளசாப் பாத்து கத்திரில பொடிசா நறுக்கிப் போடுங்க. அதோட மல்பெரி இலை (பட்டுப்பூச்சி வளக்கிறவங்க தோட்டத்துல கேட்டா சும்மாவே தருவாங்க), செம்பருத்தி இலையும் பூவும், முள்ளை நெருப்புல வாட்டி எடுத்த சப்பாத்திக்கள்ளி. முருங்கைக்கீரை வாரம் ஒரு நாள் கொஞ்சூண்டு. குட்டியோட ஓடு எவ்ளோ பெருசோ அவ்ளோ குவியல் ஒரு நாளைக்கு ஆரம்பத்துல போதும்.

உழவர் சந்தைல பத்து ரூபா கட்டுன்னு சிறுகீரை, அரைக்கீரையா வாங்கி அதையே தினம் போடுறவங்க நிறைய பேரு. அதுலயும் பசலைலயும் ஆக்சலேட் இருக்கு, கால்சியத்தை புடிச்சு வச்சுக்கும், எப்பவாச்சும் ஒரு நாள்னா பரவால்ல. பழம், தக்காளி, மாம்பழ சீசன்ல "பாவம், ஒரு துண்டு"ன்னு குடுக்கிறது எல்லாம் வேணாம், புல்லு செரிக்கிற வயித்துக்கு சர்க்கரை ஒத்துக்காது, கழிசல் எடுக்கும். சோறு, பிரெட், பால், நாய் சாப்பாடு, பேச்சே இல்லை.

நம்ம ஏரியாவுக்குன்னே மூணு எச்சரிக்கை. பனமரத்துப்பட்டி பக்கம் அரளித் தோட்டம் நிறைய, வீட்டு வாசல்லயும் வச்சிருப்போம், இலை பூ எல்லாமே விஷம், ஒரு இலை கூட தொட்டில விழக்கூடாது. குச்சிக்கிழங்கு தழை ஆடு திங்குதேன்னு போடாதீங்க, பச்சையா இருந்தா சயனைடு விஷம் இருக்கு. சேர்வராயன் மலை ஓரமெல்லாம் பூத்துக் கிடக்கிற உண்ணிச்செடியும் ஆகாது.

கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடைல "கடல் நுரை"ன்னு கேளுங்க, கணவா மீனோட ஓடுதான் அது. சுரண்டி வாரம் ரெண்டு மூணு தடவை இலை மேல தூவலாம், ஒரு துண்டை பெட்டிக்குள்ள போட்டு வச்சா அதுவே கடிச்சுக்கும்.

ஞாயித்துக்கிழமை சமையல் தராசுல எடை போட்டு எழுதி வைங்க. குண்டு 42 கிராம்ல வந்துச்சு, இப்போ பதினோரு மாசத்துல 310. ரெண்டு வாரம் எடை ஏறாம நின்னா, கண்ணு வீங்குனா, மூக்கு ஒழுகுனா தள்ளிப் போடாதீங்க. எல்லா கால்நடை டாக்டரும் ஆமை பாக்க மாட்டாங்க, யாரு பாப்பாங்கன்னு ஆமை வாங்குறதுக்கு முன்னாடியே விசாரிச்சு நம்பர் வாங்கி வச்சுக்கங்க. எடை போட்டு முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க, ஆமை மேல சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், எங்க வீட்டுப் பொடிசு குண்டுவை கொஞ்சிட்டு அதே கையோட தட்டுவடை செட்டை எடுக்கப் போய் அம்மாயிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான்.