இடைவெளி ஆண்டில் ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.எஸ்சி. முடித்தபின், பிஎச்.டி.யில் சேருவதற்கு முன் ஓராண்டைப் பேராசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலில் ஆய்வகத்தில் செலவிட முனையும் மாணவர்கள் செய்யும் தவறுகளில் பல, கையில் பன்னிரண்டு மாதங்கள் இருப்பதாக நம்பிவிடுவதால் வருகின்றன. ஜூலையில் சேருபவர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பதாயின், பலவற்றின் கடைசி நாள் டிசம்பரிலேயே வந்துவிடும். இந்தியாவிலேயே தொடர்வதாயின், பிஎச்.டி. சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் உதவும் நெட் தேர்வுக்கும், பிப்ரவரியில் நடக்கும் கேட் தேர்வுக்கும் இடையிடையே படித்தாக வேண்டும். பரிந்துரைக் கடிதம் எழுதப்போகும் வழிகாட்டி உங்கள் உழைப்பைப் பார்க்கக் கிடைப்பது ஏறத்தாழ ஐந்து மாதங்களே.

இதை உணராதவர்கள் முனைவர் பட்டத்துக்கே போதுமான அளவு பெரிய கேள்வியை எடுத்துக்கொள்கிறார்கள். மனிதர்களிடம் தரவு திரட்டும் ஆய்வுகளில் இந்தத் தவறு இன்னும் கடுமையாகத் தாக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளின்படி, மனிதர்களை உட்படுத்தும் உயிர்மருத்துவ, நலவாழ்வு ஆய்வுகளுக்கு, பணி தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். குழு கூடி, திருத்தங்கள் கேட்டு, மீண்டும் பரிசீலிப்பதற்குள் மாதங்கள் கடந்துவிடலாம். அவசரப்பட்டு முன்கூட்டியே கேள்வித்தாள்களை நிரப்பிவிட்டால், அத்தரவு பின்னர் வெளியிட முடியாததாகிவிடும். எனவே, ஒப்புதல் ஏற்கெனவே பெற்ற ஆய்வின் ஒரு பகுதியை ஏற்பதோ, ஜென்பேங்க் (மரபணு வரிசைகள்), ஈபேர்ட் (பறவை நோக்கர்களின் பதிவுகள்) போன்ற பொதுத் தரவுத் தொகுப்புகளிலிருந்து கேள்வியை அமைத்துக்கொள்வதோ நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வழிகாட்டியைப் புகழை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. பெரிய ஆய்வகத்தில் உங்களுக்கு அன்றாடம் கற்றுத்தருபவர் பேராசிரியராக இருக்கமாட்டார், அங்குள்ள பிஎச்.டி. மாணவரோ, பிஎச்.டி. முடித்துப் பணியாற்றும் முதுமுனைவர் ஆய்வாளரோதான் அதைச் செய்வார். ஆகவே, யாருடன் பணியாற்றுவேன், வழிகாட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பேன், உதவித்தொகை உண்டா என்பவற்றைச் சேரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தேர்வுக்கான விடுப்பையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

ஆய்வுக் கட்டுரையில் பெயர் வருமா என்பதைக் கேட்கத் தயங்குவதும், பணி செய்தாலே பெயர் வந்துவிடும் என்று எண்ணுவதும் ஒருசேர ஆபத்தானவை. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த அளவுகோலின்படி, ஆய்வில் கணிசமான பங்களிப்பு, கட்டுரையை எழுதுதல் அல்லது செம்மையாக்குதல், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பணிக்கும் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் கட்டுரையாசிரியருக்கு வேண்டும். தரவு திரட்டியது மட்டும் போதாது. எழுதும் வாய்ப்பையும் கேட்டுப் பெற வேண்டும். ஆண்டு முடிவதற்குள் ஒரு கட்டுரை வேண்டுமென்று, சில நாட்களில் வெளியிடுவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் போலி இதழ்களிடம் போய்விடாதீர்கள். அவ்வாறு வெளிவந்த கட்டுரை, சேர்க்கைக் குழுவினர் கண்ணில் உங்கள் உண்மையான உழைப்பின் மீதும் ஐயத்தை எழுப்பும்.

ஆய்வகக் குறிப்பேட்டை அன்றன்றே தேதியிட்டு எழுதுங்கள். தோல்வியடைந்த சோதனைகளையும் விடாதீர்கள். மூலத் தரவில் கைவைக்காமல், அதன் நகலிலேயே பகுப்பாய்வு செய்யுங்கள். குறிப்பேடு பொதுவாக ஆய்வகத்துக்கே உரியது என்பதால், விலகும்போது அனுமதியின்றி எடுத்துச் செல்லக் கூடாது. பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காமல், நவம்பர் தொடக்கத்திலேயே, நீங்கள் செய்த பணிகளை ஒரு பக்கத்தில் எழுதி வழிகாட்டியிடம் கொடுத்துக் கேளுங்கள்.