இறைச்சியும் பாலும் வாங்கும்போது நாங்கள் விடும் பிழைகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் பக்கம் போனால் இந்தக் காட்சி தட்டுப்படும். சைக்கிள் ஹான்டிலில் ஒரு ஊர்ச்சேவல் தலைகீழாகத் தொங்கும். கால் இரண்டும் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கும். செட்டை விரிந்து, சொண்டு திறந்து கிடக்கும். குன்றும் குழியுமான ஒழுங்கையில் சைக்கிள் ஏறி இறங்கும்போது கொண்டை முன்சில்லுக் கம்பியில் உரசும். ‘சத்தம் போடாமல்தானே வருது’ என்று நானும் அப்படிக் கொண்டுபோனவன்தான்.

கோழிக்கு எங்களைப் போல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் கிடையாது. தலைகீழாகப் பிடித்தால் ஈரலும் குடலும் சரிந்து காற்றுப்பைகளை அமத்தும். மூச்சு எடுப்பதே பெரும் பாடு. பழைய கடகம் ஒன்று, அடியில் ஒரு பிடி வைக்கோல், மேலே போட ஒரு சாக்கு, இவ்வளவும் போதும். துளை போட்ட காட்போட் பெட்டியும் சரிதான். இதை விற்கிறவர் கொண்டுவந்து தரமாட்டார், நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ஹான்டில் எங்கள் கையில் இருக்கும்போது ‘வளர்த்தவன் பொறுப்பு, வெட்டினவன் பொறுப்பு’ என்று சொல்லித் தப்பவும் முடியாது.

இதைவிடப் பெரிய பிழை, மலிவாகக் கிடைக்கிறதே என்று கேள்வி கேட்காமல் வாங்குவது. வன்னியில் மாடுகள் பெரும்பாலும் பட்டியாகத்தான் நிற்கும். காலபோகத்தில், அதாவது மாரிமழை நெற்செய்கைக் காலத்தில், வயல் எல்லாம் விதைத்துவிட்டால் காட்டோரம் சாய்ப்பார்கள். அறுவடை முடிந்த பிறகுதான் திரும்ப வயலுக்குள் வரும். காட்டோரம் நிற்கிற மாட்டை இரவில் களவாகப் பிடித்து, பற்றைக்குள்ளேயே வெட்டி, விடியும் முன் பையில் போட்டுக் கொண்டுவந்து விற்பது இங்கே தெரியாத கதை இல்லை. அப்படி வெட்டுகிற இடத்தில் சினை மாடா, பால் மாடா என்று யாரும் பார்ப்பதில்லை. மிருக வைத்தியர் பார்த்த மாடும் அல்ல. சாகிற விதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டு வாசலுக்கே அரை விலையில் இறைச்சி வந்தால், அதற்குள் யாரோ ஒரு பட்டிக்காரரின் கண்ணீரும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரை மறந்திருக்க மாட்டீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்தன. செத்த மாடு கடைக்கு வந்துவிடும் என்ற பயத்தில் இரண்டு மாகாணங்களிலிருந்தும் இறைச்சி கொண்டுபோவதற்கே கொஞ்ச நாள் தடை போட்டார்கள். அப்போது எல்லோரும் ‘எங்கத்தை மாடு? எப்ப வெட்டினது?’ என்று கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினோம். கேட்டது எங்கள் வயிற்றுக்குப் பயந்துதான், சரி. பயம் போனதோடு கேள்வியும் போய்விட்டது. அந்த மாடுகள் ஏன் செத்தன, மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டில் ஏன் இல்லை, மேய்ச்சல் தரை எங்கே போனது என்ற பேச்சு கடைவாசலுக்கு வரவேயில்லை.

அப்புறம் புரொய்லர் கோழி. ‘ஹோர்மோன் ஊசி போட்டு ஊதவைக்கிறார்கள்’ என்பது ஊர் முழுக்க இருக்கும் நம்பிக்கை. அப்படி இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கிய இனம், அதற்கென்றே செய்த தீவனம் என்ற இரண்டும் சேர்ந்துதான் ஐந்தாறு கிழமையில் இரண்டு கிலோவுக்குக் கொண்டுவருகின்றன. இல்லாத ஊசியைத் திட்டிக்கொண்டிருக்கையில் இருக்கிற வருத்தம் கண்ணில் படாமல் போகிறது. உடம்பு பெருக்கிற வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காமல் நொண்டுகிற கோழிகள், வன்னி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நெருக்கி அடைத்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற கோழிகள். பக்கத்தில் பண்ணை இருந்தால் ஒருநாள் மத்தியானம் போய்ப் பாருங்கள். கூரைக்கு மேல் கிடுகு போட்டிருக்கிறாரா, தண்ணீர் இருக்கிறதா, கோழி எழும்பி நடக்கிறதா என்று பார்த்தாலே பாதி விளங்கும். வெளிநாட்டில் பெட்டியில் ஒட்டின துண்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எங்களுக்குப் பண்ணைக்காரர் அநேகமாகச் சொந்தக்காரராகவோ தெரிந்தவராகவோ இருப்பார்.

முட்டைக்கு ஒரு வரி போதும். கபில நிறமாய் இருப்பதெல்லாம் ஊர்க்கோழி முட்டை இல்லை. ஓட்டின் நிறம் இனத்தால் வருவது, கூண்டுக்குள் அடைத்த கோழியும் கபில முட்டை இடும்.

‘நான் சைவம், எனக்கும் இதுக்கும் என்ன?’ என்று கேட்பவர்கள் கொஞ்சம் கோபிக்காமல் கேளுங்கள். மாடு கன்று போட்டால்தான் பால். பிறக்கிற கன்றில் பாதிக்குப் பாதி நாம்பன், அதாவது ஆண் கன்று. உழவுக்கு உழவு இயந்திரம் வந்த பிறகு நாம்பனுக்கு வேலை இல்லை. அது எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும், வாயால்தான் சொல்வதில்லை. எங்கள் ஊர் மாடு நாளுக்கு ஒன்று இரண்டு லீற்றர்தான் கறக்கும். அதையும் ஒட்டக் கறந்துவிட்டுக் கன்றை வெறும் மடியில் விடுவது விலை இறுக்கத்தால் வருகிற வேலை. பால்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, கன்று ஏன் விலா எலும்பு தெரிய நிற்கிறது என்று கேட்பது முறையில்லை. பட்டிப்பொங்கல் அன்று கொம்புக்குக் கட்டும் மாலையோடு இந்தக் கணக்கும் நினைவுக்கு வந்தால் நல்லது.

மாடு வெட்டும் மடுவத்திலிருந்து மாட்டைக் காசு கொடுத்து மீட்டுக் கோயிலுக்கு விடுவது புண்ணியம் என்கிறார்கள். விட்ட பிறகு யார் புல்லுப் போடுவது, யார் மருந்து கட்டுவது என்று முடிவுசெய்யாமல் விட்டால் அது கட்டாக்காலிதான். இரவில் ஏ9 வீதியில் படுத்துக் கிடந்து பஸ்ஸில் அடிபடும், குப்பை மேட்டில் பொலித்தீன் தின்னும். 2020 செப்டெம்பரில் மாடு வெட்டுவதைத் தடைசெய்யும் யோசனைக்கு இலங்கை அமைச்சரவை இணங்கியபோது, சாப்பிடுகிறவர்களுக்கு இறைச்சியை இறக்குமதி செய்வோம் என்றும் சேர்த்துத்தான் சொன்னார்கள். அதாவது மாடு எங்கள் கண் காணாத நாட்டில் சாகும். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் யார் தின்கிறான், எந்தச் சமயத்தவன் வெட்டுகிறான் என்ற சண்டையாக அது திரும்பிவிடும். மாட்டின் பாடு பேசப்படாமல் கிடக்கும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது. மிருகவதைக்கு எதிரான சட்டம் 1907 இல் எழுதியது. தண்டப்பணம் 100 ரூபாய் என்று போட்டார்கள். இன்று அந்தக் காசுக்கு என்ன வாங்கலாம்?

கடையில் கேட்பதற்குக் கூச்சம்தான் பெரிய தடை. எனக்கும் இருந்தது. முதல் தடவை ‘அண்ணை, இது எந்தப் பக்கத்து மாடு?’ என்று கேட்டபோது அவர் கத்தியை வைத்துவிட்டு, ‘ஏன் தம்பி, சம்பந்தம் கலக்கப் போறீரோ?’ என்றார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத் திரும்பக் கேட்டேன். ஒட்டுசுட்டானில் இன்னாரிடம் வாங்கினது என்று சொல்லி, தொடையில் இருந்த பரிசோதனை முத்திரையைத் திருப்பிக் காட்டினார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற அம்மாவும் கேட்டா.